கிளாம்ப் தருவது மில்லிவோல்ட், நமக்கு வேண்டியது ஆம்பியர்: நடுவில் தப்பு எங்கே என்று பிடிப்பது எப்படி

கரண்டை அளக்கும் மீட்டரின் கிளாம்பை (ஒயரைச் சுற்றிக் கவ்வும் சென்சார்) ஒயரில் மாட்டியாயிற்று, வோல்டேஜும் வருகிறது, ஆனால் திரையில் தெரியும் ஆம்பியரும் வாட்டும் நம்பும்படி இல்லை. இந்த நிலையில் பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் காரியம், மீட்டரின் கோடில் (புரோகிராமில்) இருக்கும் கேலிப்ரேஷன் எண்ணைக் கூட்டிக் குறைத்து ரீடிங்கைச் சரிக்கட்டுவது. தயவுசெய்து அதைக் கடைசியில் செய்யுங்கள். கணக்குப் போட்டு வந்த எண்ணுக்கும் நீங்கள் திருத்தி வைத்த எண்ணுக்கும் ஐந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எங்கோ ஒரு கோளாறு ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். அதை எண்ணால் மூடி வைத்தால் வேறு லோடு வரும்போது வேறு உருவத்தில் தலைகாட்டும். இப்படி மூடி வைத்த மீட்டர்களைத் திரும்பத் திரும்பப் பிரித்துப் பார்த்ததில் சேர்ந்ததுதான் கீழே இருப்பது.

## முதலில் ஒரு தாள், ஒரு ஹீட்டர், இன்னொரு மீட்டர்

எந்த அறிகுறியாக இருந்தாலும் இந்த மூன்றும் வேண்டும். தாளில் முழுக் கணக்கையும் ஒரு வரியில் எழுதுங்கள். உதாரணமாக, 100 ஆம்பியருக்கு 50 மில்லிஆம்பியர் தரும் கிளாம்ப், அதாவது 2000-க்கு 1. அதன் குறுக்கே 33 ஓம் பர்டன் ரெசிஸ்டர், அதாவது கிளாம்பின் கரண்டை வோல்டேஜாக மாற்றும் ரெசிஸ்டர். அப்படியானால் ஒயரில் 1 ஆம்பியர் ஓடினால் கிளாம்பில் 0.5 மில்லிஆம்பியர், ரெசிஸ்டரில் 16.5 மில்லிவோல்ட். திருப்பிப் போட்டால் 1 வோல்ட்டுக்கு 60.6 ஆம்பியர். 5 வோல்ட், 10 பிட் ஏடிசி (வோல்டேஜை 0 முதல் 1023 வரையான எண்ணாக மாற்றும் பகுதி) என்றால் ஒரு கவுண்ட், அந்த எண்ணில் ஒரு படி, 4.9 மில்லிவோல்ட், அதாவது கிட்டத்தட்ட 0.3 ஆம்பியர். இந்த வரி கையில் இருந்தால் எந்த இடத்தில் மல்டிமீட்டரை வைத்தாலும் என்ன வர வேண்டும் என்று முன்கூட்டியே தெரியும்.

ஹீட்டரோ கெட்டிலோ எதற்கென்றால், அது சுத்தமான ரெசிஸ்டிவ் லோடு. 230 வோல்ட்டில் 2000 வாட் ஹீட்டர் சுமார் 8.7 ஆம்பியர் எடுக்கும், மேலே சொன்ன கணக்கில் பர்டன் முனைகளில் 144 மில்லிவோல்ட் ஏசி தெரிய வேண்டும். ஹீட்டரில் ஒட்டியிருக்கும் வாட் எண்ணை அப்படியே நம்பாதீர்கள், சப்ளை வோல்டேஜ் மாறினால் அதுவும் மாறும். நம்பகமான இன்னொரு மீட்டரை அதே ஒயரில் வைத்து அதையே ஆதாரமாக எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மில்லிஆம்பியர் தரும் வகை கிளாம்ப் ஓடும் ஒயரில் மாட்டியிருக்கும்போது அதன் இரண்டு முனைகளையும் திறந்து விடக்கூடாது. பர்டன் இல்லாவிட்டால் கிளாம்புக்குள் சுற்றியிருக்கும் காயிலில் வோல்டேஜ் ஆபத்தான அளவுக்கு ஏறும். சில கிளாம்ப்களுக்குள் பாதுகாப்பு டயோடு இருக்கும், சிலவற்றில் இருக்காது. அதனால் பிளக்கை உருவும் முன் கிளாம்பை ஒயரிலிருந்து கழற்றுங்கள், இல்லையென்றால் முனைகளை ஷார்ட் செய்துவிட்டு வேலை பாருங்கள்.

## அறிகுறி: லோடு ஓடுகிறது, ரீடிங் சீரோ

முதலில் பார்க்க வேண்டியது கிளாம்புக்குள் என்ன போகிறது என்பதை. ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் சேர்ந்த கேபிளை அப்படியே கவ்வியிருந்தால் போகிற கரண்டும் வருகிற கரண்டும் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும், சீரோதான் வரும். ஒரே ஒரு ஒயர் மட்டும் உள்ளே இருக்க வேண்டும்.

அது சரியாக இருந்தால் அடுத்தது கிளாம்பின் வகை. இரும்பு அல்லது ஃபெரைட் வளையமும் காயிலும் மட்டும் உள்ள கிளாம்ப் டிசியை அளக்காது. பேட்டரி, சோலார் பேனல் பக்கம் மாட்டினால் சீரோதான், அங்கே காந்தப்புலத்தை நேரடியாக உணரும் ஹால் வகை கிளாம்ப் வேண்டும். ஹால் கிளாம்பே வைத்திருந்தும் சீரோ என்றால் அதற்குள் இருக்கும் பேட்டரியைப் பாருங்கள்.

மல்டிமீட்டரோடு சேர்க்கும் கிளாம்ப் என்றால் எந்தத் துளையில் செருகியிருக்கிறீர்கள்? வோல்டேஜ் தரும் கிளாம்பை மில்லிஆம்பியர் துளையில் செருகினால் மீட்டரே அதை ஷார்ட் செய்துவிடும். மில்லிஆம்பியர் தரும் கிளாம்புக்கு நேர்மாறு, அதை வோல்ட் துளையில் செருகினால் மேலே சொன்ன திறந்த காயில் ஆபத்து. லேபிளைப் படித்துவிட்டுச் செருகுங்கள்.

இயர்போன் பிளக் போல முனை உள்ள கிளாம்ப்களில் பொதுவாக நுனியான டிப்பும் அடிப்பகுதியான ஸ்லீவும்தான் உபயோகத்தில் இருக்கும், நடு ரிங் சும்மா. சாக்கெட்டை ரிங்கில் சேர்த்து சால்டர் செய்திருந்தால் ஒன்றும் வராது. இதெல்லாம் சரியாக இருந்தும் பர்டன் முனைகளில் மில்லிவோல்ட் இல்லை என்றால் கிளாம்பை ஒயரிலிருந்து கழற்றி, பர்டனையும் பிரித்துவிட்டு, காயிலின் ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். ஓப்பன் காட்டினால் காயில் அறுந்துவிட்டது, புது கிளாம்ப்தான்.

## அறிகுறி: ரீடிங் வருகிறது, ஆனால் எப்போதும் ஒரே மடங்கில் தப்பு

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். சரியான ஆம்பியரை நீங்கள் காணும் ஆம்பியரால் வகுத்துப் பாருங்கள், அல்லது தலைகீழாக. எத்தனை மடங்கு என்ற அந்த எண்ணே குற்றவாளியைக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு மூன்று லோடுகளில் செய்து ஒரே மடங்கு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு கீழே வாருங்கள்.

சரியாக 10 மடங்கு. ஸ்கோப்பில் (அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்) பார்க்கிறீர்கள் என்றால் அந்தச் சானலில் ப்ரோப் செட்டிங் 10-இல் இருக்கும், ஆனால் கிளாம்ப் ப்ரோப் இல்லாமல் நேராகச் செருகப்பட்டிருக்கும். சானலை 1-க்கு மாற்றுங்கள். இன்னொரு காரணம் கிளாம்பில் இருக்கும் ரேஞ்ச் சுவிட்ச். ஆம்பியருக்கு 10 மில்லிவோல்ட், 100 மில்லிவோல்ட் என இரண்டு நிலை இருக்கும், பையில் போட்டு எடுக்கும்போது அது நகர்ந்துவிடும்.

தலைகீழ் கணக்கு. மில்லிவோல்ட்/ஆம்பியர் எண்ணை அப்படியே ஆம்பியர்/வோல்ட் கேட்கும் இடத்தில் போட்டுவிடுவது. 1000-ஐ மில்லிவோல்ட் எண்ணால் வகுத்தால்தான் ஒரு வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்பது வரும். ஆம்பியருக்கு 10 மில்லிவோல்ட் என்றால் வோல்ட்டுக்கு 100 ஆம்பியர், ஆம்பியருக்கு 100 மில்லிவோல்ட் என்றால் வோல்ட்டுக்கு 10 ஆம்பியர். இரண்டும் 10, 100 என்றே வருவதால் கண் ஏமாந்துவிடுகிறது. தாளில் யூனிட்டோடு எழுதியிருந்தால் இந்தத் தப்பு வரவே வராது.

2.83 மடங்கு அல்லது 1.41 மடங்கு. நீங்கள் எடுப்பது ஆர்எம்எஸ் (ஏசி அலையின் பயனுறு அளவு) இல்லை. ஸ்கோப்பில் உச்சியிலிருந்து அடி வரை உள்ள அளவை எடுத்தால் 2.83, நடுக்கோட்டிலிருந்து உச்சி வரை எடுத்தால் 1.41. உச்சியை 1.41-ஆல் வகுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும், ஆனால் அது சுத்தமான சைன் அலைக்கு மட்டும்தான் சரி. கம்ப்யூட்டர், எல்இடி, மோட்டார் டிரைவ் போன்றவை எடுக்கும் கரண்ட் சைன் மாதிரி இருக்காது. ஒவ்வொரு சாம்பிளையும் வர்க்கப்படுத்தி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் போடுங்கள், குறுக்குவழி வேண்டாம்.

சரியாக 2, 3 மடங்கு அதிகம். ஒயர் கிளாம்புக்குள் எத்தனை தடவை போகிறது என்று எண்ணுங்கள். இரண்டு சுற்று போட்டால் இரட்டிப்பு காட்டும். சின்னக் கரண்டை அளக்க இதை வேண்டுமென்றே செய்யலாம், 5 சுற்று போட்டு ரீடிங்கை 5-ஆல் வகுப்பது நல்ல உத்தி. யாரோ போட்ட சுற்று மறந்துபோனால்தான் வம்பு.

மூன்றில் ஒரு பங்கு, பாதி என்று குறைவு. பர்டனைச் சந்தேகியுங்கள். பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் கிளாம்ப்களில் சில மில்லிஆம்பியர் தருபவை, சில உள்ளேயே பர்டன் வைத்து 1 வோல்ட் தருபவை. எஸ்சிடி-013 வரிசையே இதற்கு நல்ல உதாரணம். 000 என்று முடிவது 100 ஆம்பியருக்கு 50 மில்லிஆம்பியர் தருவது, அதற்கு வெளியே பர்டன் வேண்டும். 030 என்று முடிவது 30 ஆம்பியருக்கு 1 வோல்ட், பர்டன் உள்ளேயே இருக்கிறது. இரண்டாவதின் குறுக்கே இன்னொரு ரெசிஸ்டர் போட்டால் இரண்டும் பேரலலாகி வோல்டேஜ் படுத்துவிடும். லேபிளில் 1 வோல்ட் என்று போட்டிருந்தால் வெளியே ஒன்றும் போடாதீர்கள். ரீடிங் குறைவோ அதிகமோ, பர்டனின் மதிப்பையும் கழற்றி அளந்து பாருங்கள். 33 ஓம் என்று நினைத்து 330 ஓம் போட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆரஞ்சு, ஆரஞ்சு, கருப்பா, ஆரஞ்சு, ஆரஞ்சு, பிரவுனா என்று மங்கிய வெளிச்சத்தில் தெரிவதில்லை.

ஏழெட்டு முதல் பத்து சதவீதம் குறைவு. எந்தக் கணக்குக்கும் பொருந்தாத இந்தக் குறைவு பெரும்பாலும் தாடைகளில், அதாவது கிளாம்பின் திறந்து மூடும் இரண்டு பாதிகளில்தான் இருக்கிறது. கிளாம்பைத் திறந்து இரண்டு முகங்களையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஒருமுறை கணக்கு, ரெசிஸ்டர், கோடு என எல்லாம் பார்த்து அரை நாள் போன பிறகு திறந்து பார்த்தேன். ஒரு முகத்தின் ஓரத்தில் இன்சுலேஷன் டேப்பின் பசை கடுகளவுக்கு இறுகிப்போய் ஒட்டியிருந்தது. மூடும்போது கிளிக் சத்தமும் வரும், வெளியிலிருந்து இடைவெளியும் தெரியாது. உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு மாட்டினேன், ரீடிங் தன் இடத்துக்கு வந்துவிட்டது. ஃபெரைட் முகம் விரிசல் விட்டிருந்தாலோ மூலை உடைந்திருந்தாலோ துடைத்துப் பயனில்லை, கிளாம்பை மாற்ற வேண்டியதுதான்.

இவ்வளவும் பார்த்த பிறகு மிச்சமிருப்பது இரண்டு மூன்று சதவீதமாக இருந்தால் இப்போது கேலிப்ரேஷன் எண்ணைத் தொடலாம். அது கிளாம்பின் இயல்பான டாலரன்ஸ்.

## அறிகுறி: எல்லாம் ஆஃப், ஆனாலும் 0.3 ஆம்பியர் காட்டுகிறது

முதல் கேள்வி, கிளாம்பை ஒயரிலிருந்து கழற்றி மூடி வைத்தாலும் அதே ரீடிங் வருகிறதா?

வரவில்லை என்றால் உண்மையிலேயே ஏதோ ஓடுகிறது. ஸ்டாண்ட்பையில் இருக்கும் கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.

வருகிறது என்றால் அது இரைச்சல். மேலே போட்ட கணக்கில் ஒரு கவுண்ட் 0.3 ஆம்பியர், ஏடிசி ஒரு கவுண்ட் ஆடினாலே அது தெரியும். ஆர்எம்எஸ்ஸில் வர்க்கம் எடுப்பதால் மேலே போனதும் கீழே போனதும் கழிந்துபோகாது, கூடிக்கொண்டேதான் போகும். அதனால் இந்த 0.3-ஐ ரீடிங்கிலிருந்து நேராகக் கழிக்கவும் கூடாது. திரையில் 0.5 என்றால் உண்மை 0.2 இல்லை. 0.5-இன் வர்க்கத்திலிருந்து 0.3-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 0.4, அதுதான் உண்மை. வாட் கணக்கில் இந்தத் தொல்லை மிகக் குறைவு, ஏனென்றால் இரைச்சலுக்கும் சப்ளை வோல்டேஜுக்கும் சம்பந்தமில்லாததால் பெருக்கிச் சராசரி எடுக்கும்போது தானாக அடங்கிவிடும். கரண்ட் 0.3, வாட் கிட்டத்தட்ட சீரோ என்று தெரிந்தால் இரைச்சல் என்றே முடிவு செய்யலாம்.

சில ஆம்பியர் அளவுக்குப் பொய் ரீடிங் என்றால் அது இரைச்சல் இல்லை, ஆஃப்செட். ஏடிசி மைனஸ் வோல்டேஜைப் படிக்காது என்பதால் சிக்னலைப் பாதி வோல்டேஜுக்குத் தூக்கி வைத்திருப்போம், கோடில் 1024-இல் பாதியான 512-ஐக் கழிப்போம். அந்தப் பாதி வோல்டேஜைப் பிரித்துத் தரும் இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களும் அச்சு அசலாகச் சமமாக இருக்காது, உண்மையான நடு 522-ஆக இருந்தால் அந்த 10 கவுண்ட் வித்தியாசமே 3 ஆம்பியராகத் தெரியும். நிலையான எண்ணைக் கழிக்காமல் ஓடும் சராசரியைக் கழியுங்கள். நடுப்புள்ளியிலிருந்து கிரவுண்டுக்கு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள், அது இல்லாவிட்டால் நடுப்புள்ளியே ஆடும்.

ஹால் கிளாம்ப் என்றால் கதை வேறு. தாடை மூடி, உள்ளே ஒயர் இல்லாமல், அளக்கப் போகிற அதே இடத்தில் அதே கோணத்தில் பிடித்து சீரோ பட்டனை அழுத்துங்கள். பூமியின் காந்தப்புலம்கூட அதற்குத் தெரியும், மேஜையில் படுக்க வைத்து சீரோ செய்து பேனலில் நிமிர்த்தி மாட்டினால் மாறிவிடும். சூடு ஏறினாலும் நகரும். பெரிய டிசி கரண்டை அளந்த உடனே சீரோ தள்ளிப்போயிருந்தால் தாடையில் காந்தம் மிச்சமிருக்கிறது, சில முறை திறந்து மூடிப் பாருங்கள், காந்தத்தை நீக்கும் டீகாஸ் பட்டன் இருந்தால் அதை அழுத்துங்கள்.

## அறிகுறி: சின்ன லோடில் சரி, பெரிய லோடில் குறைத்துக் காட்டுகிறது

அலையின் நுனி வெட்டுப்படுகிறது. ஸ்கோப் இருந்தால் ஒரே பார்வையில் தெரியும், இல்லையென்றால் சாம்பிள்களை வரிசையாக வெளியே எடுத்துப் பாருங்கள். 1023 (10 பிட்) அல்லது 4095 (12 பிட்) என்ற எண் தொடர்ந்து வந்தால் ஏடிசி நிரம்பி வழிகிறது.

முக்காலே மூணு வீசம் தடவை காரணம், 5 வோல்ட் போர்டுக்குப் போட்ட 33 ஓம் பர்டனை அப்படியே 3.3 வோல்ட் போர்டுக்குக் கொண்டுவந்ததுதான். அங்கே மேலேயும் கீழேயும் 1.65 வோல்ட்தான் இடம், அது 100 ஆம்பியர் உச்சி, சைன் அலைக்கு சுமார் 70 ஆம்பியர் ஆர்எம்எஸ். உச்சி கூர்மையாக இருக்கும் கரண்ட் என்றால், ஆர்எம்எஸ்ஸைப் போல மூன்று மடங்கு உச்சி இருந்தால், 33 ஆம்பியரிலேயே வெட்டு விழும். 22 ஓமுக்கு மாற்றுங்கள், கணக்கை 1 வோல்ட்டுக்கு 90.9 ஆம்பியர் என்று திருத்துங்கள். இஎஸ்பி32 போர்டில் ஏடிசி இரண்டு ஓரங்களிலும் நேர்கோடாக இருக்காது, அதனால் இன்னும் கொஞ்சம் இடம் விட்டு வடிவமைப்பது நல்லது.

ஏடிசி நிரம்பவில்லை, ஆனாலும் அலை சாய்ந்து நசுங்கி இருக்கிறது என்றால் கிளாம்பின் இரும்பு சாச்சுரேட் ஆகிறது, அதாவது அதற்கு மேல் காந்தம் ஏற முடியாமல் நிரம்பிவிடுகிறது. ஒன்று பர்டன் அதிகம், இல்லை கிளாம்ப் சிறியது, இல்லை லோடில் டிசி கலந்திருக்கிறது. ஒற்றை டயோடு வைத்து அரை அலையில் ஓடும் ஹீட்டர்கள் இந்த வேலையைச் செய்யும்.

## அறிகுறி: ஆம்பியர் சரி, வாட் தப்பு

### வாட் மைனஸில் வருகிறது

கிளாம்ப் திரும்பி மாட்டப்பட்டிருக்கிறது. உடம்பில் உள்ள அம்புக்குறி சப்ளையிலிருந்து லோடைப் பார்த்து இருக்க வேண்டும். கழற்றித் திருப்பி மாட்டுங்கள். கோடில் மைனஸ் போட்டுச் சமாளிக்காதீர்கள், அடுத்து கிளாம்பைத் தொடுகிறவருக்கு அது தெரியாது. சோலார் இருக்கும் இடத்தில் மைனஸ் நிஜமாகவே வரலாம், அதனால் சோலாரை ஆஃப் செய்துவிட்டுப் பாருங்கள்.

### மூன்று ஃபேஸில் மொத்தம் பொருந்தவில்லை

லோடு சமமாக இருக்கும்போது மொத்தம் மூன்றில் ஒரு பங்காகத் தெரிந்தால் ஒரு கிளாம்ப் திரும்பியிருக்கிறது. இரண்டு பிளஸ், ஒரு மைனஸ், மிச்சம் ஒன்று. ஓரிடத்தில் இதை 3-ஆல் பெருக்கி ஒரு வருடம் ஓட்டியிருந்தார்கள். மோட்டார் மட்டும் ஓடியவரை எல்லாம் பொருந்தியது. ஒரு ஃபேஸில் மட்டும் பெரிய ஹீட்டர் சேர்ந்ததும் கணக்கு கன்னாபின்னாவென்று போய்விட்டது, அந்த ஒரு வருடப் பதிவும் வீண்.

இரண்டு ஃபேஸின் கிளாம்ப்கள் இடம் மாறியிருந்தால் வேறு மாதிரி தெரியும். வோல்டேஜ் ஒரு ஃபேஸிலிருந்தும் கரண்ட் இன்னொன்றிலிருந்தும் வருவதால் 120 டிகிரி விலகல், ரெசிஸ்டிவ் லோடில் அந்த இரண்டும் மைனஸில் பாதி வாட் காட்டும். ஒரு ஃபேஸில் மட்டும் ஹீட்டரைப் போட்டு எந்தச் சானல் எழுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால் தீர்ந்தது.

### ஹீட்டரில் சரி, மோட்டாரில் பத்து சதவீதம் தப்பு

இது ஃபேஸ் பிழை, அதாவது வோல்டேஜ் அலைக்கும் கரண்ட் அலைக்கும் நடுவில் உள்ள விலகல் தப்பாகத் தெரிவது. கிளாம்பே கரண்டைச் சில டிகிரி நகர்த்தும். போதாததற்கு, வோல்டேஜையும் கரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கும் ஏடிசி தன் பங்குக்கு நகர்த்தும். இரண்டு சாம்பிளுக்கும் 100 மைக்ரோசெகண்ட் இடைவெளி என்றால் 50 ஹெர்ட்ஸில் 1.8 டிகிரி. பவர் ஃபேக்டர் (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வரும் விஏவில் உண்மையான வாட் எத்தனை பங்கு என்பது) 1 இருக்கும்போது 3 டிகிரி பிழை 0.14 சதவீதம்தான், யாரும் கவனிக்க மாட்டார்கள். பவர் ஃபேக்டர் 0.5 என்றால் அதே 3 டிகிரி 9 சதவீதம்.

திருத்துவதற்கு ஹீட்டரையே மாட்டுங்கள், ஆனால் பவர் ஃபேக்டரைப் பார்த்துத் திருத்தாதீர்கள், 1-க்குப் பக்கத்தில் அது அசையவே அசையாது. வேலை செய்யாமல் சப்ளைக்கும் லோடுக்கும் நடுவில் போய்வரும் ரியாக்டிவ் பவரைப் பாருங்கள். ஹீட்டருக்கு அது சீரோவாக இருக்க வேண்டும், 3 டிகிரி பிழை இருந்தால் மொத்த விஏவில் 5 சதவீதமாகப் பளிச்சென்று தெரியும், எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதையும் குறி சொல்லிவிடும். கரண்ட் மிகக் குறையும்போது கிளாம்பின் நகர்வு அதிகமாகும் என்பதால் நீங்கள் வழக்கமாக அளக்கும் கரண்டுக்குப் பக்கத்தில் வைத்துத் திருத்துங்கள். 100 ஆம்பியர் கிளாம்பில் 1 ஆம்பியர் மோட்டாரை அளப்பதை விடச் சிறிய கிளாம்ப் வாங்குவதே மேல்.

## அறிகுறி: ரீடிங் ஒரு நிலையில் நிற்காமல் ஆடுகிறது

சாம்பிள் எடுக்கும் நேரத்தைப் பாருங்கள். முழு அலைகளாக எடுக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் வேறு துண்டு கிடைக்கும். 200 மில்லிசெகண்ட் எடுத்தால் 50 ஹெர்ட்ஸில் 10 அலை, 60 ஹெர்ட்ஸில் 12 அலை, இரண்டுக்கும் பொருந்தும். ஐஇசி 61000-4-30 தரநிலையும் இதே 10, 12 அலைக் கணக்கைத்தான் வைத்திருக்கிறது. இதற்கும் ஆட்டம் அடங்கவில்லை, பக்கத்தில் மோட்டார் டிரைவ் ஓடுகிறது என்றால் கிளாம்ப் ஒயரை முறுக்கி, ஷீல்டு போட்டு, பவர் கேபிளோடு சேர்ந்து ஓடாமல் தள்ளி எடுங்கள். ரோகோவ்ஸ்கி காயில் (இரும்பு இல்லாத, வளையும் காயில்) என்றால் ஒயர் அதன் மூட்டுப் பக்கம் சாய்ந்திருந்தாலும் ரீடிங் மாறும், நடுவில் வையுங்கள். அதற்கு மாற்றங்களைக் கூட்டிக் கரண்டாக்கும் இன்டகிரேட்டர் கட்டாயம், அது இல்லாமல் வருவது கரண்டே அல்ல, கரண்ட் மாறும் வேகம்.

## எங்கே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்

கிளாம்பை மாட்ட மெயின் பேனலின் மூடியைத் திறக்க வேண்டும், உள்ளே மெயின் ஸ்விட்சுக்கு முந்தைய கம்பிகள் தெரிகின்றன என்றால் அங்கேயே நிறுத்துங்கள், மெயினை ஆஃப் செய்தாலும் அவற்றில் சப்ளை இருக்கும். 5 ஆம்பியர் செகண்டரி உள்ள நிரந்தர சிடிகள் (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்கள்) இருக்கும் பேனலில் அந்த ஒயர்களைக் கழற்றவே கூடாது, முனைகளை ஷார்ட் செய்து வைக்கும் ஷார்ட்டிங் பிளாக் போட்டுவிட்டுச் செய்யத் தெரிந்தவர்தான் தொட வேண்டும். இன்சுலேஷன் இல்லாத பஸ்பாரில் கிளாம்ப் மாட்டுவதும் அவர் வேலை. கிளாம்பில் கேட் 3 (CAT III) என்ற பாதுகாப்பு வகையும் அந்த இடத்தின் வோல்டேஜும் அச்சிடப்படவில்லை என்றால் பேனலுக்குள் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

கிளாம்ப் சூடாக இருந்தாலோ, கருகிய வாசனை வந்தாலோ, ஒற்றை ஃபேஸ் சப்ளையில் ஃபேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் தனித்தனியாக அளந்தபோது பொருந்தாமல் இருந்தாலோ உங்கள் மீட்டரில் இனிமேல் எதையும் தேடாதீர்கள். சப்ளையை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட்டு, நீங்கள் எழுதி வைத்த அந்தத் தாளை அவர் கையில் கொடுங்கள்.